மிக்சி, கிரைண்டர், கைத்துப்பாக்கி

அமெரிக்காவில் இருக்கும் நம்மாட்களோடு துப்பாக்கி பற்றிப் பேச்சு வந்தால், சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். "இடுப்புல மறைச்சு வெச்சுக்கறதுக்கும், சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய் அட்டையைச் சுடறதுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி வாங்கினா ஆகாதா?"

நியாயமான கேள்விதான். கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்தும் கூட்டம் நாம். மிக்சி வாங்கும்போதே இதில் இட்லிக்கும் அரைச்சுக்கலாமே என்று யோசித்த பரம்பரை. அரைத்துப் பார்த்த பிறகுதானே தெரிந்தது, கிரைண்டர் வேற ஜாதி, மிக்சி வேற ஜாதி என்று :-)

நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை. பழைய சரித்திரத்தைக் கிளறிக்கொண்டிருப்பவன். ஆனால் இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு மனுஷர் இரும்பிலேயே பதில் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெயர் ஜான் மோசஸ் பிரௌனிங். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்கிற ஊரில் 1855-ல் பிறந்தவர். அப்பாவும் துப்பாக்கிக் கொல்லர். பையன் பெயரில் 128 காப்புரிமைகள். அவரே சட்டைப்பைக்கு ஒரு துப்பாக்கி செய்தார், அவரே குறிபார்த்துச் சுடும் பொழுதுபோக்குக்கு இன்னொன்று செய்தார். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆள் செய்தது என்றே நம்ப முடியாது.

அவருக்கு முன்பும் இந்தப் பிரிவு இருந்தது. ஐரோப்பாவில் கனவான்கள் 'மானம் போச்சு' என்று எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்வார்களே, அந்தத் துப்பாக்கிகளுக்கு நீளக் குழல், தொட்டால் போதும் என்கிற விசை. அது பந்தயத் துப்பாக்கியின் பாட்டன். பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் செய்த குட்டைத் துப்பாக்கி, உள்ளங்கைக்குள் அடங்குவது. ஒரே ஒரு குண்டு. 1865 ஏப்ரல் 14 இரவு நாடகக் கொட்டகையில் லிங்கனைச் சுட்டது அதுதான். அது சட்டைப்பைத் துப்பாக்கியின் பாட்டன். ஆனால் ரெண்டிலும் ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலைத் தட்டையாக, மலிவாக, நம்பகமாகச் செய்து உலகம் பூராவும் விற்க வைத்தவர் பிரௌனிங்.

பெல்ஜியத்தில் லியேஜ் பக்கத்தில் எர்ஸ்தால் என்று ஒரு ஊர். அங்கே 1889-ல் ஆரம்பித்த எஃப்.என். என்ற ஆயுதத் தொழிற்சாலை இவருடைய 1900 மாடல் பிஸ்டலைத் தயாரித்தது. தோட்டா 7.65 மில்லிமீட்டர். விற்ற வேகத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிஸ்டலையே 'பிரௌனிங்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், நாம் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்பது போல. 1903-ல் அமெரிக்காவின் கோல்ட் கம்பெனிக்கு ஒன்று செய்தார். அதில் சுத்தியல் உள்ளேயே ஒளிந்திருக்கும். வெளியே ஒன்றும் துருத்திக்கொண்டிருக்காது. ஏன்? கோட்டுப் பையிலிருந்து அவசரமாக எடுக்கும்போது துணியில் மாட்டக் கூடாது. அவ்வளவுதான் காரணம்.

அடுத்தது 1906-ல் வந்த குட்டி. நான் சொல்லவந்த விஷயமே இதில்தான் இருக்கிறது. மொத்த நீளம் சுமார் 11 சென்டிமீட்டர், குழல் 5 சென்டிமீட்டர், எடை 370 கிராம் சொச்சம். இடுப்புச் சட்டையின் சின்னப் பையில் போட்டுக்கொள்ளலாம். இதற்காகவே 6.35 மில்லிமீட்டரில் ஒரு புதுத் தோட்டாவும் உருவானது. அமெரிக்காவில் அதை .25 என்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் இந்தத் தோட்டாவைக் கேலி செய்வார்கள். ஏனென்றால் குட்டைக் குழலில் அதன் வேகம், அப்போதே மலிவாகக் கிடைத்த .22 தோட்டாவின் வேகம்தான். ஒரு உபகாரமும் கூடுதலாக இல்லை. அப்புறம் எதற்கு மெனக்கெட்டுப் புதுத் தோட்டா?

தீபாவளிக்குக் கேப்பு வெடித்திருப்பீர்களே? சுருளில் பத்துப் பொட்டு இருந்தால் ரெண்டு பொட்டு 'டிக்' என்று மட்டும் சொல்லி ஏமாற்றும். மருந்து சரியாக அந்த இடத்தில் ஒட்டியிருக்காது. .22 தோட்டாவிலும் அதே கதை. அதன் அடிவிளிம்பு உள்ளே பொள்ளலாக இருக்கும், அந்த வளையத்துக்குள் மருந்தைச் சுழற்றிப் பரப்புவார்கள். ஒரு இடத்தில் பரவாமல் விட்டுப்போய், சுத்தியலும் சரியாக அந்த இடத்திலேயே அடித்தால், வெடிக்காது. .25-ல் அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு கேப்பு இருக்கும். அடி எப்போதும் அங்கேதான் விழும். தவிர, .22-க்கு விளிம்பு துருத்திக்கொண்டு இருக்கும். மேகசினுக்குள் ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். .25-ல் அந்தத் தொல்லையும் குறைவு.

ஆக, சக்தி கூடாவிட்டாலும் பரவாயில்லை, அழுத்தினால் வெடிக்க வேண்டும். பைத் துப்பாக்கிக்கு அதுதான் முதல் விதி.

இப்போது அதே மனுஷர் 1915-ல் கோல்ட் கம்பெனி மூலம் வெளியிட்ட இன்னொன்றைப் பாருங்கள். பிற்பாடு 1927-ல் அதற்கு 'வுட்ஸ்மேன்' என்று பெயர் வைத்தார்கள். எந்தத் தோட்டா? பைத் துப்பாக்கிக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய அதே .22! நீளம் ஒன்றேகால் சாண், சுமார் 27 சென்டிமீட்டர். எடை 800 கிராம் பக்கம். குழல் மட்டும் 16 சென்டிமீட்டருக்கு மேல். குறிபார்க்கும் முனைகளை இப்படி அப்படி நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம்.

குழல் எதற்கு நீளமாக இருக்க வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு. முன்னாலிருக்கும் முனையும் பின்னாலிருக்கும் பள்ளமும் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன என்று வையுங்கள். உங்கள் கண் ஒரு மில்லிமீட்டர் தப்புப் பண்ணினால் 25 மீட்டர் தூரத்தில் குண்டு 25 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இடைவெளி 20 சென்டிமீட்டரானால் தப்பும் பாதியாகிவிடும். சர்வதேசப் போட்டியின் 25 மீட்டர் துல்லியச் சுற்றில் பத்து மதிப்பெண் வட்டம் 5 சென்டிமீட்டர்தான். சட்டைப்பைக் குட்டியை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் பக்கத்து ஆளின் அட்டையில் ஓட்டை போடலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். .22 சில சமயம் வெடிக்காது என்று பிரௌனிங்குக்குத் தெரியாதா என்ன? தெரியும். ரேஞ்சில் வெடிக்கவில்லை என்றால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. குழலை இலக்கு இருக்கும் திசையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்து, தோட்டாவை எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்றைச் சுடலாம். மலிவு, சத்தம் குறைவு, உதைப்பு குறைவு. ஒரு நாளைக்கு நூறு சுட்டாலும் பர்ஸ் தாங்கும். அந்த இடத்துக்கு அதுதான் நல்ல தோட்டா.

விதிமுறையே இதை ஒப்புக்கொள்கிறது. அமெரிக்காவின் பழைய 'புல்ஸ்ஐ' போட்டியில் 20 விநாடியில் ஐந்து, 10 விநாடியில் ஐந்து என்று சுற்றுகள் உண்டு. நடுவில் துப்பாக்கி மக்கர் பண்ணினால் கையைத் தூக்கலாம். அதற்கு 'அலிபை' என்று பெயர், மறுபடி சுட வாய்ப்புத் தருவார்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் (2021-ல் நடந்தது) மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் கெட்டுப்போய், அதைச் சரிசெய்வதில் நேரம் கரைந்து, 575 எடுத்து 12-ம் இடத்தோடு வெளியே வந்தார். பார்த்த நமக்கே வயிறு எரிந்தது. ஆனாலும் 2024-ல் பாரிஸுக்குப் போய் ரெண்டு வெண்கலம் வாங்க முடிந்தது. இருட்டுச் சந்தில் நிற்பவனுக்கு அலிபை யாரும் தர மாட்டார்கள்.

சரி, அந்தச் சட்டைப்பைத் துப்பாக்கிகள் எங்கெல்லாம் போயின? இங்கேதான் மனசு கனத்துப் போகிறது.

1904 ஜூன் 16, ஹெல்சிங்கி: ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவைச் சுட்டது எஃப்.என். 1900. 1909 அக்டோபர் 26, ஹார்பின் ரயில் நிலையம்: ஜப்பானின் இடோ ஹிரோபூமியைக் கொரியாவின் ஆன் ஜுங் குன் சுட்டதும் அதே மாடல். 1914 ஜூன் 28, சரயேவோ: எஃப்.என். 1910 மாடல், 9 மில்லிமீட்டர் குட்டைத் தோட்டா. அந்த 1910-ஐ ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். குறிமுனைகள் ஸ்லைடின் மேல் ஒரு காடிக்குள் பதுங்கியிருக்கும், துணியில் மாட்டாமலிருக்க. பந்தயம் சுடுகிறவன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் காவ்ரிலோ பிரின்சிப் நின்ற தூரத்துக்குக் குறிமுனையே தேவைப்படவில்லை. அந்த பிஸ்டல் பல வருஷம் ஆஸ்திரிய இயேசு சபைப் பாதிரிமாரிடம் கிடந்து, 2004-ல்தான் வியன்னா ராணுவ மியூசியத்துக்குப் போனது.

நம்ம கதையும் இந்த வரிசையில் இருக்கிறது. லண்டன் இந்தியா ஹவுஸ் வட்டாரத்தைச் சேர்ந்த மதன்லால் திங்ரா 1909 ஜனவரியில் ஹோல்போர்னில் இருந்த கேமேஜ் கடையில் ஒரு கோல்ட் ஆட்டோமேட்டிக் வாங்கினார். அன்றைக்கு கோல்ட் விற்ற ஆட்டோமேட்டிக் எல்லாமே பிரௌனிங் கைவண்ணம்தான். இங்கிலாந்தில் 1903-ல் வந்த பிஸ்டல் சட்டப்படி தபாலாபீஸில் பத்து ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ் கிடைக்கும். வாங்கிய பிறகு டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் காசு கொடுத்துச் சுடும் ரேஞ்ச் ஒன்றுக்கு வாரத்துக்கு ரெண்டு மூன்று தடவை என்று மாசக்கணக்கில் போய்ப் பழகினார். ஜூலை 1-ம் தேதி சாயந்திரமும் போய்ப் பன்னிரண்டு தோட்டா சுட்டுவிட்டு, அன்று இரவே இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டில் கர்சன் வைலியைச் சுட்டார். காப்பாற்ற ஓடிவந்த பார்சி டாக்டர் காவஸ் லால்காகாவும் செத்தார். ரேஞ்ச் நடத்தியவர் கோர்ட்டில் வந்து சாட்சி சொன்னார். வாடிக்கையாளர் வந்தார், அட்டையைச் சுட்டார், போனார் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது.

அந்த டாக்டரை எண்ணும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்கிறது. பாடப்புத்தகத்தில் அவருக்கு அரை வரிகூடக் கிடையாது.

அதே 1909-ல் பாரிஸிலிருந்து இருபது பிரௌனிங் பிஸ்டல்கள் ஒரு சமையற்காரரின் பெட்டியில் ஒளிந்து பம்பாய் வந்தன. சாவர்க்கர் அனுப்பியவை. அதில் ஒன்று டிசம்பர் 21-ல் நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. பையில் மறைவதற்காகச் செய்த சாமான், பெட்டியில் மறைவதா கஷ்டம்? லண்டனில் திங்ராவோடு இருந்த வ.வே.சு. ஐயர் 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்து இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தார். 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். கொடைக்கானல் போகும் வழியில் முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சில அடி தூரத்தில் நின்று வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். அதுவும் பெல்ஜியத்து பிரௌனிங்தான். வாஞ்சி தியாகியா, சாதிப் பித்தா என்கிற சண்டையை இங்கே ஆரம்பிக்க எனக்கு உத்தேசமில்லை, அதற்கு வேற ஆட்கள் இருக்கிறார்கள். நான் பார்ப்பது அந்தக் கையிலிருந்த சாமானை. எந்த ஊரிலும் அது மக்கர் பண்ணவில்லை. செய்தவன் நினைத்தபடியே வேலை செய்தது.

1911 விசித்திரமான வருஷம். அதே வருஷம் நியூயார்க்கில் சல்லிவன் சட்டம் வந்தது: மறைத்து வைக்கிற அளவுக்குச் சின்னதாக உள்ள துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று. அதே வருஷம் மார்ச்சில் அமெரிக்க ராணுவம் பிரௌனிங்கின் .45 பிஸ்டலைச் சோதித்தது. 6000 தோட்டா. ஒரு தடவைகூட நிற்கவில்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் பிஸ்டல் 37 தடவை தடுமாறியது.

இந்த .45-ன் பிற்காலக் கதைதான் நம் கேள்விக்கு ரொம்பப் பொருத்தமான பதில். ராணுவத்துக்காகச் செய்ததைக் கையில் எடுத்து ஆட்டினால் லொடலொடவென்று சத்தம் வரும். பாகங்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பதால் சேறு போனாலும், மணல் போனாலும் ஓடும். பந்தயக்காரர்கள் அதையே வாங்கிப் போய்க் கொல்லர்களிடம் கொடுத்து இடைவெளியை எல்லாம் இறுக்கினார்கள். 1933-ல் கோல்ட் கம்பெனியே 'நேஷனல் மேட்ச்' என்று ஒன்றை விற்க ஆரம்பித்தது. இறுக்க இறுக்கக் குண்டுகள் ஒரே இடத்தில் விழுந்தன. இறுக்கிய துப்பாக்கிக்கு அழுக்கு ஆகாது, தோட்டாவையும் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். புது மாப்பிள்ளை மாதிரி.

இதன் உச்சம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1961-ல் கொண்டுவந்த மாடல் 52. அதில் போடக்கூடியது ஒரே வகைத் தோட்டா: .38-ல், ஈயம் விளிம்போடு தட்டையாக வெட்டி நிற்கும் பந்தயத் தோட்டா. அட்டையில் பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி சுத்தமான வட்டம் விழும். சாதாரண .38 தோட்டா அதன் மேகசினுக்குள்ளேயே போகாது! துல்லியத்தில் அற்புதம். ஆபத்துக்காக அதைத் தலையணைக்கடியில் வைத்திருப்பது, கல்யாணப் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு தென்னைமரம் ஏறுவது போல.

எதிர்ப்பக்கத்தில் அதே கம்பெனி 1950-ல் கொண்டுவந்த குட்டி ரிவால்வர். கொலராடோ ஸ்பிரிங்ஸில் கூடிய போலீஸ் தலைவர்கள் மாநாட்டில் ஓட்டுப் போட்டு 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்று பெயர் வைத்தார்கள். ஐந்து குண்டு, ரெண்டு அங்குலக் குழல். ஒன்று வெடிக்கவில்லை என்றால் விசையை மறுபடி அழுத்தினால் போதும், உருளை சுற்றி அடுத்த தோட்டா வந்து நிற்கும். அதற்கு முந்தைய வருஷம், 1949-ல், பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் கனெக்டிகட்டில் ஒரு .22 பந்தயப் பிஸ்டலை 37 டாலர் 50 சென்ட்டுக்கு விற்க ஆரம்பித்தார்கள். வுட்ஸ்மேனை விட விலை குறைவு. இந்த ரெண்டின் வாரிசுகளும் இன்றுவரை விற்கின்றன. என்னைக் கேட்டால் அந்தச் சனிக்கிழமைக் கேள்விக்குப் பதில் இந்த ரெண்டு வருஷத்திலேயே முடிந்துவிட்டது.

விசையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். 25 மீட்டர் பந்தய பிஸ்டலின் விசைக்குச் சர்வதேச விதி கேட்கும் குறைந்தபட்ச எடை ஒரு கிலோ. சுத்தியலை முன்னாடியே தூக்கி வைக்காமல் சுட்டால், ரிவால்வரின் விசைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். ரேஞ்சில் அது பெரிய இம்சை, முழுக் கையும் ஆடும். ஆனால் பையில் சாவிக்கொத்தும் சில்லறையும் கூடவே கிடக்கும்போது, அல்லது பயத்தில் விரல் நடுங்கும்போது, அந்த ஐந்து கிலோதான் பாதுகாப்பு. நம்பகம் என்றால் வெடிக்க வேண்டியபோது வெடிப்பது மட்டுமில்லை. வெடிக்கக் கூடாதபோது வெடிக்காமல் இருப்பதும்தான். விற்கிறவர்கள் முதல் பாதியைத்தான் உரக்கச் சொல்வார்கள். வீட்டில் குழந்தை இருக்கிறவர்களுக்கு ரெண்டாவது பாதிதான் உயிர்.

இந்த வித்தியாசத்தை அரசாங்கமே மார்க் போட்டு அளந்த கூத்தும் நடந்தது. 1968-ல் அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கைத்துப்பாக்கி 'விளையாட்டுக்கு' ஏற்றதா என்று பார்க்க ஒரு படிவம் போட்டார்கள். பிஸ்டல் என்றால் 75 மார்க் எடுத்தால் பாஸ். குழல் நீளத்துக்கு மார்க், எடைக்கு மார்க். திருகிச் சரிசெய்யும் குறிமுனைக்கு 10, பந்தயக் கைப்பிடிக்கு 5, பந்தய விசைக்கு 2. உயரம் நாலு அங்குலத்துக்குக் குறைந்தால் பரீட்சைக்கே உட்கார முடியாது. பிரௌனிங் வம்சத்துக் குட்டி .25 பிஸ்டல்களின் இறக்குமதி அதோடு நின்றது. ஜெர்மனியின் வால்தர் பி.பி.கே. மயிரிழையில் உயரம் போதாமல் ஃபெயில். உடனே கம்பெனிக்காரர்கள் அதன் அண்ணன் பி.பி.யின் கனத்த உடம்பில் பி.பி.கே.யின் ஸ்லைடை மாட்டி 'பி.பி.கே./எஸ்' என்று அனுப்பினார்கள். பாஸ்!

மறைத்து வைக்கும் துப்பாக்கிதான் சட்டத்துக்குப் பயம், பந்தயத் துப்பாக்கி என்றால் பயமில்லை. அதனால் மறைத்து வைக்கும் துப்பாக்கி எல்லாம் பந்தய வேஷம் கட்ட ஆரம்பித்தது. பேன்ட்டோடு போனால் குருவாயூரில் உள்ளே விட மாட்டார்கள் என்று வாசலில் வேட்டி வாங்கிச் சுற்றிக்கொள்கிற மாதிரி.

1987-ல் ஃபுளோரிடா, தகுதியிருந்து கேட்டவருக்கெல்லாம் மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தது; மற்ற மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. 2022-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய சல்லிவன் சட்டத்தின் முக்கியமான நிபந்தனையையே ரத்து செய்தது. 2024-ல் லைசென்ஸே இல்லாமல் எடுத்துப் போகலாம் என்கிற மாநிலங்கள் 29. ஆனால் இறக்குமதிப் படிவம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆஸ்திரியாவின் க்ளாக் கம்பெனி 1995-ல் மாடல் 26 என்று ஒரு குட்டியை விட்டது. இடுப்பில் மறைப்பதற்கென்றே செய்தது. அதை வாங்குகிற யாரும் ஒலிம்பிக்ஸ் போகப்போவதில்லை. அதன் விசையில் விரல் படும் இடத்தைப் பார்த்தால் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். விரலை உறுத்துகிறது என்று அதைக் கழற்றிவிட்டு வழவழப்பான விசை மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. அந்த வரி எதற்கு என்று கேட்டால், படிவத்தில் 'பந்தய விசை'. ரெண்டு மார்க்.